சட்டையின் முதுகில் இல்லாத வருஷங்கள்

அக்கா,

இன்றைக்குக் காலையில் சாம்பிள் ரூம் அலமாரியை ஒழித்துப் போடச் சொன்னார்கள். ஆடிட் வருகிறதாம். ஆடிட் வந்தால்தான் நம் கம்பெனிக்குச் சுத்தம் ஞாபகம் வரும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மேல் தட்டு எட்டவில்லை. ஸ்டூல் போட்டு ஏறினேன். ஸ்டூல் ஒரு சத்தம் போட்டது, நான் அதைவிடப் பெரிய சத்தம் போட்டேன். கையை விட்டுத் துழாவியதில் ஒரு பாலிபேக் நழுவி முகத்திலேயே விழுந்தது. பிரித்ததும் பழைய ரப்பர் பிரிண்ட் வாசனை. வெயிலில் நிறுத்திய பஸ்ஸின் டயரை யாரோ துவைத்துக் காயப்போட்ட மாதிரி ஒரு வாசனை. உள்ளே கரும்பச்சைச் சட்டை ஒன்று. முதுகு நிறைய வெள்ளைப் பொடி எழுத்தில், வருஷம் வருஷமாக ஒரு பட்டியல். அந்தப் பட்டியலுக்கு மேலே, எதுவும் அச்சாகாமல் வெறும் பச்சையாக இருந்த இடத்தில், சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர். பட்டியலின் நடுவில் இன்னொன்று.

செக்கிங் டேபிளில் ஓட்டையோ கறையோ பிரிந்த தையலோ எது கண்ணில் பட்டாலும், அதைக் காட்டுகிற மாதிரி ஓர் அம்புக்குறியை ஒட்டித் தனியாகப் போடுவது நம் தொழிலின் வழக்கம். அம்பு இருந்தால் அங்கே ஏதோ டேமேஜ் இருக்கும். இந்த அம்புகள் காட்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. துணி நன்றாக இருந்தது, சாயம் நன்றாக இருந்தது. ஒன்றுமில்லாத இடத்தில் டேமேஜ் கண்டுபிடித்த ஆள் திருப்பூரிலேயே நீங்கள் ஒருவர்தான்.

அலமாரியை அப்படியே விட்டுவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. உங்களிடம் நேரில் சொல்லாத விஷயம் ஒன்று என்னிடம் இருக்கிறது. இனிமேல் நேரில் சொல்ல வேண்டி வராது என்பதால் தைரியமாக எழுதுகிறேன். என் தைரியமெல்லாம் இந்த வகைதான் என்று உங்களுக்கே தெரியும்.

அந்த முதல் ஆர்டர் வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? நெதர்லாந்தில் ஒரு சின்ன ஊர். அந்த ஊர்ப் பெண்கள் கால்பந்துக் கிளப்பின் ரசிகர்கள் போட்டுக்கொள்வதற்கான சட்டை. கிளப்பின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. படிக்கிறவர்களுக்கு நாக்கு சுளுக்கிக்கொள்ளும். நாம் இரண்டு பேரும் கடைசிவரை அதை ‘நம்ம கிளப்’ என்றுதான் சொன்னோம். நீங்கள் செக்கிங் சூப்பர்வைசர், நான் மெர்ச்சண்டைசர். அதாவது, வெளிநாட்டில் சரக்கு வாங்குகிற பயர் அனுப்புகிற மெயிலைப் படித்துவிட்டு அது எனக்குப் புரிந்துவிட்ட மாதிரி எல்லோரிடமும் நடந்துகொள்வது என் வேலை. சாம்பிளை எடுத்துக்கொண்டு உங்கள் டேபிளுக்கு வந்தேன்.

“ஏனுங் மேடம், பொம்பளப் புள்ளைக பந்து வெளையாடறதப் பாக்கறதுக்கு ஆளுக சட்டை வேற எடுத்துப் போட்டுட்டு வருவாங்களா?”

நாலு பேர் இருந்தால் நான் உங்களுக்கு மேடம். தனியாக இருந்தால் அம்மிணி. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பதவி உயர்வெல்லாம் முதல் வார்த்தையில் வந்தது. மரியாதை இரண்டாவது வார்த்தையில் இருந்தது.

“வருவாங்களாட்டத்தானுங்க்கா இருக்குது. இத்தன சட்டை கேக்கறாங்களே.”

“செயிப்பாங்களா?”

ஃபோனில் தேடினேன். “ஒருக்காக்கூட மொதலெடம் வந்ததில்லையாமா. ஒரே ஒருக்கா ரெண்டாவது. கோப்பைப் போட்டியில ஒருக்கா கடைசி ஆட்டம் வரைக்கும் போயித் தோத்திருக்காங்க. மத்த வருசமெல்லாம் நடுவால, இல்லீனா கடைசி.”

கையிலிருந்த பீஸில் நீட்டிக்கொண்டிருந்த நூலைக் கத்தரித்தீர்கள்.

“அப்ப நம்ம ஆளுகதான்.”

அவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, மங்கலம் வழியாக ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டு சாமளாபுரத்தில் உங்கள் வீட்டில் வந்து நின்றேன். அவர்களுக்கு மத்தியானம், நமக்குப் பொழுது சாயும் நேரம். புளி டப்பாவில் என் ஃபோனைச் சாய்த்து வைத்து ஆட்டம் பார்த்தோம். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தில் வர்ணனை ஒன்றும் காதில் விழவில்லை. விழுந்தாலும் டச்சு மொழிதானே, நமக்கு நஷ்டமில்லை. உங்கள் வீட்டுக்காரர் தறிக்குடோனிலிருந்து அவ்வப்போது எட்டிப் பார்த்து, “இன்னும் கோலு உழுகலயா?” என்று, அடுப்பில் சோறு வெந்ததா என்று கேட்கிற தோரணையில் கேட்டுவிட்டுப் போவார். கோல் விழுந்தது. நம் பக்கத்தில் விழுந்தது. நான்கு முறை.

கோல் காக்கிற பெண் வாரம் முழுக்க ஒரு ரொட்டிக்கடையில் வேலை செய்கிறாள் என்று எங்கேயோ படித்துச் சொன்னேன். நீங்கள் அதைக் கேட்டு அடைந்த சந்தோஷம், அந்தப் பெண் நாலு கோலையும் தடுத்திருந்தால்கூட வந்திருக்காது. “வாரமெல்லாம் ரொட்டி, நாயித்துக்கெழமை பந்து. மேலுக்கு முடியலைன்னு ஒரு நா லீவு போட்டிருப்பாளா பாரு” என்றீர்கள். அன்றைக்கே அவளைத் தத்தெடுத்துக்கொண்டீர்கள். அவள் தடுத்தால் “எம்பட புள்ள”. விட்டால், “காத்தடிக்குதுல்ல, அவ என்ன பண்ணுவா.”

ஆட்ட முடிவுகளை எழுதிவைக்க வேண்டும் என்று ஆரம்பித்ததும் நீங்கள்தான். அதற்கு நீங்கள் எடுத்தது பழைய செக்கிங் ரிப்போர்ட் தாள். பாஸ், ஆல்டர், ரிஜெக்ட் என்று மூன்று கட்டம் போட்ட தாள். ஜெயித்தால் பாஸ். தோற்றால் ரிஜெக்ட். இரண்டு பக்கமும் சமமாக முடிந்தால் ஆல்டர், ஏனென்றால் ‘கொஞ்சூண்டு சரி பண்ணுனா தேறிரும்.’ ஆஃபீசில் யாராவது அந்தத் தாளைப் பார்த்திருந்தால் இப்படி ஒரு லாட்டை எவன் தைத்தான் என்று ஆளைத் தேடியிருப்பார்கள். ரிஜெக்ட் கட்டம் அந்த அளவு நிறைந்திருந்தது.

அப்புறம் உங்களுக்குப் பழைய வரலாறு வேண்டியிருந்தது. இந்த வருஷம் தோற்கிறார்கள், சரி, போன வருஷம்? அதற்கு முன்னால்? கிளப்பின் இணையப் பக்கத்தைத் திறந்து, ஃபோனையே மொழிபெயர்க்கச் சொல்லிப் படித்துக் காட்டினேன். ஃபோன் பேசிய தமிழ், நிலத் தகராறு நோட்டீஸ் மாதிரி இருந்தது. ஆனாலும் விஷயம் விளங்கியது. லீக் போட்டி என்று ஒன்று வருவதற்கு ஒன்பது வருஷம் முன்னாலேயே அந்த ஊர்ப் பெண்கள் ஆட ஆரம்பித்திருக்கிறார்கள். ஆண்கள் கிளப்பின் மைதானத்தில்தான், ஆனால் ஆண்கள் எல்லோரும் ஆடி முடித்த பிறகு. அந்த ஊர் மழையில், அத்தனை பேர் உழுதுவிட்டுப் போன சேற்றில். உடை மாற்ற இடமில்லாமல் பக்கத்தில் ஒருவருடைய மாட்டுக்கொட்டகையில் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். பிறகு லீக் வந்தது, கிளப் அவர்களைத் தன் பெயரில் சேர்த்துக்கொண்டது, சட்டை கொடுத்தது. நடுவில் ஒரு வருஷம் செலவு கட்டுபடியாகவில்லை என்று கைகழுவிவிட்டது. பெண்கள் அந்த ஒரு வருஷத்தைப் பக்கத்துக் கிராமத்தின் பெயரில் ஆடிவிட்டு, மறு வருஷம் திரும்பி வந்தார்கள்.

மாட்டுக்கொட்டகையை மட்டும் என்னை இரண்டாவது தடவை படிக்கச் சொன்னீர்கள்.

“அங்கியும் மாடு இருக்குதா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தீர்கள். பிறகு சிரிக்காமல், “ஒம்பது வருசம்” என்றீர்கள், உங்களுக்கு நீங்களே.

இப்போது இந்தப் பச்சைச் சட்டை. லீக்கில் சேர்ந்த ஆண்டுநிறைவை முன்னிட்டு கிளப் ஒரு விழா எடுத்தது. அதற்கென்று தனிச் சட்டை. இதுவரை ஆடிய ஒவ்வொரு வருஷமும், அந்த வருஷம் கிடைத்த இடமும் முதுகில் அச்சிட வேண்டும். ஆர்ட்வொர்க் வந்தது, சாம்பிள் தைத்து அனுப்பினோம், ஓகே ஆனது, மொத்த ஆர்டரும் அச்சாகி உங்கள் டேபிளுக்கு வந்தது. நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஆள் அனுப்பினீர்கள். வந்து பார்த்தால், டேபிளில் பத்துப் பதினைந்து சட்டைகள், ஒவ்வொன்றின் முதுகிலும், பட்டியலுக்கு மேலே ஓர் அம்பு, நடுவில் ஓர் அம்பு.

“என்னங்க்கா, பிரிண்ட் உரியுதா?”

“பிரிண்ட் நல்லாத்தான் இருக்குது. சேதிதான் டேமேஜ்.”

“என்ன சேதி?”

“ஒம்பது வருசத்தக் காணோம். நடுவால ஒரு வருசத்தக் காணோம். லீக்குல சேந்ததுக்கப்பறம் ஆடுனது மட்டுந்தான் இருக்குது.”

நான் சிரித்தேன். “அக்கா, ஆர்ட்வொர்க் அவிங்க அனுப்புனது. சாம்பிளும் அவிங்களே ஓகே பண்ணுனது. நம்ம பாக்க வேண்டியது துணி, தையல், அச்சு. அவிங்க ஊட்டுக் கதையையுமா செக் பண்ணுவீங்க?”

நீங்கள் சிரிக்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “சேத்துல ஆடுனவிங்க இல்லீனா இந்த லிஸ்டு ஏது அம்மிணி? எழுதாம உட்டா ஆடாமயே போனாப்புடி ஆயிருமல்ல?” என்றீர்கள். சுற்றிலும் ஆட்கள் இருந்தும் அன்றைக்கு அம்மிணி என்றுதான் கூப்பிட்டீர்கள். “ஒரே ஒரு மெயிலு போடு. தெரிஞ்சுதான் உட்டாங்களா, மறந்து உட்டாங்களான்னு மட்டும் கேளு. தெரிஞ்சு உட்டிருந்தா நா ஒண்ணும் சொல்லல, பாஸ் பண்ணிர்றேன்.”

போடுகிறேன் என்றுதான் சொன்னேன். போடவும் உட்கார்ந்தேன். நம் மேனேஜர் அந்தப் பக்கமாக வந்தார். அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தாண்டினால் நான் நானாக இருக்க மாட்டேன். கம்பெனியில் இம்மியளவு நிறம் மாறினாலும் துணியைத் திருப்பி அனுப்புகிற மனுஷன், தன் தலைக்கு அடிக்கிற சாயத்தில் மட்டும் வாரத்துக்கு ஒரு ஷேடு காட்டுவார். அந்த வாரம் கத்தரிக்காய் நிறம். விஷயத்தைச் சொன்னேன்.

“ஷிப்மென்ட் தேதி தெரியுமில்லீங்க மேடம்? ஆர்ட்வொர்க்ல கைய வெச்சீங்கன்னா மறுபடி அப்ரூவலு, மறுபடி சாம்பிளு. கப்பலு போயிரும். அப்பறம் நீங்களும் நானும் கரையில நின்னு டாட்டா காட்டலாம்.”

அவர் போடாதே என்று சொல்லவில்லை, அக்கா. அதை நான் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். டாட்டா காட்டலாம் என்று மட்டும்தான் சொன்னார். மீதியை நானே செய்தேன். அன்புள்ள என்று ஆரம்பித்த மெயில், காற்புள்ளியோடு நின்றது. என் ஆங்கிலத்தில் மாட்டுக்கொட்டகையை எப்படி எழுதுவது என்று எனக்கு நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். பயரிடம் கேள்வி கேட்டால் கம்பெனிக்குக் கெட்ட பெயர் என்று இன்னொரு காரணம். நிஜமான காரணம், எனக்குப் பயம். கேள்வி கேட்டவள் என்று என் பெயர் வந்துவிடக்கூடாது என்கிற பயம். இத்தனை வருஷ சர்வீசில் அதை மட்டும் நான் பத்திரமாகப் பாதுகாத்து வந்திருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து நீங்களே வந்து கேட்டீர்கள். “பதிலு வந்துருச்சா?”

“வந்துருச்சுங்க்கா. அப்படியே போடச் சொல்லீட்டாங்க.”

“அவிங்களேவா சொன்னாங்க?”

“அவிங்களேதான்.”

என் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அது அணைந்து கிடந்தது.

“செரி. அவிங்களுக்குத் தெரியாததா” என்றீர்கள். திரும்பிப் போய் அம்புகளை ஒவ்வொன்றாக உரித்து எடுத்தீர்கள். நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தேன். அச்சு உரிந்துவிடாமல் இருக்க, ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் மெதுவாக நெம்பி எடுத்தீர்கள். ஒரு சட்டையை மட்டும் உரிக்காமல் எடுத்து வைத்திருக்கிறீர்கள் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. லாட் பாஸ் ஆனது. கீழே உங்கள் கையெழுத்து. கப்பலும் போனது. எல்லாம் சுபம்.

அந்த வருஷத் தையில்தான் உங்களுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. பங்குனிக்குள் வேலையிலிருந்து நின்றுவிட்டீர்கள். கேன்டீனில் ஒரு சின்ன விழா வைத்தோம். சால்வை, எவர்சில்வர் குடம், ஃபிரேம் போட்ட சர்வீஸ் சான்றிதழ். சான்றிதழை டைப் அடித்தது நான்தான். மஸ்டர் ரோலில், அதாவது கம்பெனியின் நிரந்தர ஆட்கள் பதிவேட்டில், உங்கள் பெயர் ஏறிய தேதியிலிருந்து கணக்கு எடுத்துக் கொடுத்தார்கள். பதினாறு வருஷம் என்று வந்தது. ‘பதினாறு ஆண்டுகள் சிறப்பாகப் பணியாற்றிய’ என்று அடித்தேன்.

அதை அடித்தபோது என் சொந்த சர்வீஸ் எனக்குத் தெரியாமலா இருந்தது? அப்போதே இருபத்து நாலு. நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்த முதல் நாள் மத்தியானம், டிபன் பாக்சைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றேன். செக்கிங் டேபிளுக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்துப் போட்டு, “இங்க வா அம்மிணி, நின்னுட்டே தின்னா ஒடம்புல ஒட்டாது” என்றவர் நீங்கள். (ஒட்டியது, அக்கா. தேவைக்கு மேலேயே ஒட்டியது.) அன்றைக்கே நீங்கள் அந்த டேபிளில் நாலைந்து வருஷப் பழசு. காண்ட்ராக்ட்காரரிடம் பீஸ் ரேட்டில் இருந்தீர்கள். அதே கூரை, அதே டேபிள், அதே கத்தரி. மஸ்டரில் மட்டும் பெயர் இல்லை. எனக்கு முன்னால் வந்து, எனக்கு உட்கார இடம் கொடுத்தவருக்கு என்னைவிட எட்டு வருஷம் குறைவான சர்வீஸ் என்று என் கையாலேயே அடித்தேன். “ரெக்கார்டுல இருக்கறதத்தானுங்க போட முடியும்” என்றார் மேனேஜர். “ஆமாங்க சார்” என்றேன்.

மேடையில் அந்த ஃபிரேமை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தீர்கள். நீங்கள் எதையும் படிக்காமல் வாங்குகிறவர் இல்லை. எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற என் பக்கம் சாய்ந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, சிரித்துக்கொண்டே கேட்டீர்கள்:

“ஏன் அம்மிணி, இதையும் அவிங்களேதான் அப்படியே போடச் சொல்லீட்டாங்களா?”

என்ன செய்வதென்று தெரியாமல் நானும் கைதட்டினேன். கைதட்டுவதில் எனக்கு நல்ல சர்வீஸ்.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று பல நாள் யோசித்தேன். பிறகுதான் விளங்கியது. பயரிடமிருந்து எந்தப் பதில் வந்தாலும், அதைப் பிரிண்ட் எடுத்து, ஓகே ஆன சாம்பிளோடு பின் அடித்து உங்கள் டேபிளில் தொங்கவிட வேண்டும். அது நம் கம்பெனி விதி. நான்தான் அதைத் தினமும் செய்கிறவள். அந்தச் சாம்பிளில் மட்டும் தாள் எதுவும் தொங்கவில்லை. இருக்கிற கறையை யார் வேண்டுமானாலும் பார்ப்பார்கள். இல்லாத தாளை நீங்கள் பார்த்தீர்கள். பார்த்தும், லாட்டைப் பாஸ் பண்ணினீர்கள். நான் மாட்டிக்கொள்ளக்கூடாது என்றா? உங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கலாம். அதற்கும் பயந்துகொண்டு கேட்கவில்லை.

விழாவுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வருவதா வேண்டாமா என்று மங்கலம் வரைக்கும் வந்து, ஒரு பேக்கரியில் ஸ்கூட்டியை நிறுத்தி, தேங்காய் பன் இரண்டு தின்றேன். மனசு சரியில்லாதபோது எனக்குப் பசி அதிகம். நீங்களே ஃபோன் போட்டீர்கள். “ஆட்டம் ஆரம்பிச்சுருவாங்க, எங்க இருக்கற?” வந்தேன். புளி டப்பா தயாராக இருந்தது. சான்றிதழைப் பற்றி நீங்கள் ஒன்றும் பேசவில்லை. சுவரில் மாட்டியும் இருக்கவில்லை. நானும் ஃபோனைப் புளி டப்பாவில் சாய்த்து வைத்தேன். அப்படியே ஒரு வருஷ ஞாயிறுகள் போயின. நீங்கள் இளைத்துக்கொண்டே வந்தீர்கள். நம் கிளப் எட்டாவது இடத்துக்கு ஏறியது.

கடைசி ஞாயிறு. உங்களால் உட்கார முடியவில்லை. கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு, “நீ பாத்துச் சொல்லு” என்றீர்கள். பார்த்துக்கொண்டே சொன்னேன். முதல் பாதியில் ஒரு கோல் போட்டோம். இரண்டாவது பாதியில் இரண்டு வாங்கிக்கொண்டோம். ஆட்டம் முடிந்ததும் நீங்கள் கேட்டீர்கள், “என்னாச்சு?”

அக்கா, அந்த நேரத்தில் எனக்கு வந்த ஆசையை என்னவென்று சொல்ல? ஜெயித்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டால் என்ன? யாருக்கு நஷ்டம்? உங்களுக்கு ஃபோனை வாங்கிப் பார்க்கக்கூடத் தெம்பில்லை. வாய் வரைக்கும் வந்துவிட்டது.

“தோத்துட்டாங்கக்கா.”

நீங்கள் கண்ணைத் திறக்காமலே சிரித்தீர்கள். “இப்பத்தான் நீ சொன்னா நம்பறாப்புல இருக்குது” என்றீர்கள். பிறகு, “ரிஜெக்ட்ல போடு” என்றீர்கள்.

போட்டேன். அதன்பின் அந்தத் தாளில் உங்கள் கையெழுத்து இல்லை. பத்து நாளில் நீங்களும் இல்லை.

சாவுக்கு வந்துவிட்டுப் போன மறு வாரமே அந்த மெயிலை அனுப்பினேன். காற்புள்ளியோடு நின்றதைத் தேடி எடுத்து, அதிலிருந்தே தொடர்ந்தேன். சேறு, மாட்டுக்கொட்டகை, கைகழுவிய வருஷம், எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் போட்டுக் கேட்டேன். இது எங்கள் செக்கிங் சூப்பர்வைசர் கேட்ட கேள்வி, நான் கேட்காமல் விட்டது என்றும் எழுதினேன். மூன்று வாரம் கழித்து, கிளப் கடையைப் பார்த்துக்கொள்கிற ஓர் அம்மாளிடமிருந்து பதில் வந்தது. அந்த ஒன்பது வருஷத்து ஆட்ட முடிவுகளை யாரும் எழுதிவைக்கவில்லையாம். புகைப்படம் இரண்டு இருக்கிறதாம். அன்றைக்கு ஆடியவர்களில் ஒருவர் இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் கைத்தடியோடு வந்து முதல் வரிசையில் உட்காருகிறாராம். இதை இதுவரை யாரும் கேட்டதில்லை, அடுத்த சட்டை அடிக்கும்போது பேசிப் பார்க்கிறோம் என்று முடித்திருந்தார். அடுத்த சட்டைக்கு ஆர்டர் வரவேயில்லை. பங்களாதேஷுக்குப் போய்விட்டதாகக் கேள்வி. அங்கே எந்த அக்கா செக் பண்ணுகிறாளோ.

பதிலைப் பிரிண்ட் எடுத்தேன். எந்தச் சாம்பிளோடு பின் அடிப்பது என்று தெரியாமல் என் டிராயரிலேயே கிடக்கிறது.

எனக்கு வேறொரு பழக்கம் வந்துவிட்டது. போன வாரம், துணி தேய்க்கிற அயனிங் பிரிவில் இருந்த ஓர் அம்மா வேலையிலிருந்து நின்றார். மகளோடு காங்கேயத்துக்குப் போகிறார். சான்றிதழ் டைப் அடிக்க வேண்டியது வழக்கம்போல நான். மஸ்டர் பன்னிரண்டு வருஷம் என்றது. ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டேன்: “நீங்க மொதமொதல்ல இந்த கேட்டுக்குள்ள எப்ப வந்தீங்க?” அவர் விரல் விட்டு எண்ணினார். தேதிகளில் இல்லை. பெரிய பெண் வயிற்றில் இருந்தபோது, கூரை தகரமாக இருந்தபோது, கரிப் பெட்டியால் தேய்த்தபோது. எல்லாவற்றையும் கூட்டி, சின்னவன் பிறந்து வராமல் இருந்த வருஷத்தைக் கழித்தால் மஸ்டருக்கு முன்னால் ஒன்பது வருஷம் வந்தது. கீழே ஒரு வரி சேர்த்தேன்: இதற்கு முன் ஒப்பந்த முறையில் ஒன்பது ஆண்டுகள் இதே இடத்தில் பணியாற்றினார்.

மேனேஜர் பேனாவைத் திறந்தவர் மூடினார். இப்போது தலை செங்கல் நிறம். “ரெக்கார்டுல இல்லாதத எப்படிங்க மேடம் போடறது?”

“ரெக்கார்டுல நா இருக்கறேனுங்களே சார். நா வந்த வருசமும் இருக்குது. அப்பறம் இவிங்க வந்தத நா பாத்தேன். நானே சாட்சி.”

இந்த இரண்டு வாக்கியத்தை எனக்குள் நான் எத்தனை நாள் சொல்லிப் பார்த்தேன் என்பது அவருக்குத் தெரியாது. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பயந்த அளவுக்கு ஒன்றுமே நடக்கவில்லை, அக்கா. அதுதான் எனக்கு அதிக வெட்கமாக இருந்தது. அன்றைக்கும் இவ்வளவுதான் ஆகியிருக்கும்.

அந்த அம்மாவிடம் தாளைக் கொடுத்தேன். அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். படித்துவிட்டுத் தயங்கினார்.

“ஏனுங் மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. சின்னவன் பொறந்தப்ப நா மூணு மாசந்தான் வரல. நீங்க முழு வருசத்தையுமே கழிச்சுப்போட்டீங்களாட்ட இருக்குதே. பத்தல்லங்க வரோணும்?”

ஜன்னலில் பார்த்தால் மேனேஜர் காரில் ஏறிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று நாக்கு நுனிக்கு வந்தது. அந்த அம்மாவின் பஸ் சாயங்காலம்.

திருத்தி அடித்தேன். பிரிண்டரிலிருந்து முழுக்க வெளியே வருவதற்குள் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். ஆமாம் அக்கா, நான்தான், ஓடினேன். பேக்கிங் ஆட்கள் டேப்பைக் கீழே போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒருவன் விசில் அடித்தான். செருப்பு ஒன்று கட்டிங் செக்ஷன் வாசலிலேயே கழன்றுவிட்டது. கேட்டைத் தாண்டப்போன காரின் முன்னால் போய், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். மேனேஜர் கண்ணாடியை இறக்கினார்.

“என்னங்க மேடம், தீப்பிடிச்சுருச்சா?”

மூச்சு வாங்கிக்கொண்டு தாளை நீட்டினேன்.

“ஒரு வருசம் உட்டுப்போச்சுங்க சார்.”